உள்ளூர் ஆளைத்தான் எடுக்கணும்னு சட்டம் போட்டா எண்ணெய்க் கம்பெனி நிக்குமா?

ஜூன் 8, 2025, மாலை (தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி)

டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு, வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் கோர்ஸும் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. தென் அமெரிக்காவில இருக்கிற கயானாவுக்கு, எண்ணெய் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு ஒரு ஏஜென்ட் சொன்னார். இப்போ திடீர்னு, "அங்கே உள்ளூர்க்காரனுக்குத்தான் முதல் இடம்னு சட்டம் இருக்காம், நைஜீரியா பாக்கலாமா"ங்கிறார். நைஜீரியாவிலயும் அதே சட்டம்தான்னு இன்னொருத்தர் சொல்றார். வேலை தெரியாத ஆளை வச்சுக்கிட்டு எண்ணெய் எப்படி எடுப்பாங்க? கம்பெனிக்காரன் கிளம்பிப் போயிட மாட்டானா? இந்தச் சட்டமெல்லாம் ரொம்ப நாள் நிக்காதுங்கிறது என் எண்ணம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஜூன் 8, இரவு 10.15

நிற்கும். நின்றுகொண்டுதான் இருக்கிறது. நைஜீரியச் சட்டம் 2010 ஏப்ரலில் கையெழுத்தாகி பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. 2012-லிருந்து நான்கு வருஷம் நான் அங்கே இருந்தேன், அதற்குப் பிறகு கானாவில் டக்கோராடியில் இரண்டு வருஷம். இரண்டு இடத்திலும் யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை. அந்தச் சட்டத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நைஜீரியாவில் விற்கிற அளவுக்கு எண்ணெய் கிடைத்தது 1956-ல், இன்றைய பயெல்சா மாநிலத்தில் இருக்கிற ஓலோய்பிரியில். சட்டம் வந்தது 54 வருஷம் கழித்து. அதுவரைக்கும் கடலில் நிற்கும் தளத்துக்குப் படம் போடுவது ஐரோப்பாவில், கட்டுவது கொரியாவில் என்று போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரனுக்கு மிஞ்சியது காவல்காரன் வேலையும் எண்ணெய் படிந்த ஆறும்தான். 2010 சட்டம் எந்த வேலையில் எவ்வளவு பங்கு உள்நாட்டில் நடக்க வேண்டும் என்று நீளமாக ஓர் அட்டவணை போட்டது. எண்ணெய்த் துறையில் போடுகிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நூற்றுக்கு ஒன்றைப் பிடித்து ஒரு நிதியில் சேர்க்கச் சொன்னது. இதைப் பார்த்துக்கொள்ளும் வாரியம் உட்கார்ந்திருப்பது அதே பயெல்சாவின் தலைநகர் யெனகோவாவில். வெளிநாட்டுக்காரன் உட்காரும் ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு நைஜீரியரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், மூன்று வருஷத்தில் அந்த நாற்காலி அவருடையதாக வேண்டும் என்பதும் அதில் உண்டு.

"வேலை தெரியாத ஆள்" என்று எழுதியிருக்கிறாய் தம்பி. அது எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9, காலை

முதலில் ஒரு திருத்தம். மூன்று வருஷம் என்று எழுதியது தப்பு. சட்டத்தில் அதிகபட்சம் நான்கு வருஷம் என்றுதான் இருக்கிறது, பிரிவு 31. மூன்று என்று ஏன் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஐயாவின் கணக்கு அது.

ஐயா பதினாலு வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போனவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார், பெகு பக்கம் ஒரு வட்டிக் கடையில். சம்பளச் சீட்டு எழுதினால் மூன்று வருஷம், முடிந்ததும் ஊருக்கு வந்து இருந்துவிட்டு மறுபடி கப்பல். பெட்டியடிப் பையனுக்கு மேலே அடுத்தாள், அடுத்தாளுக்கு மேலே ஏஜெண்டு. அடுத்தாள் என்றால் ஏஜெண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு, கடன்காரன் முகம், நெல் விலை எல்லாம் பார்த்துப் பழகி, நாளைக்கு அந்தத் திண்டில் சாய்ந்து உட்காரப் போகிறவன்.

நைஜீரியச் சட்டம் சொல்கிற பக்கத்து நாற்காலிக்காரரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கே இருந்த நாளெல்லாம் எனக்கு வாய்க்கவில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் வருகிறது. அவர் அடுத்தாள். நம் ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கிய சொல்.

ஜூன் 9, மதியம்

"வேலை தெரியாத ஆள்" விஷயம்.

திருச்சி திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது 1960-களின் நடுவில், செக்கோஸ்லோவாகியாவின் கூட்டுறவோடு. அதற்கு முன் நம் பக்கத்தில் உயர் அழுத்தக் குழாயை இணைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? செக் நாட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள், நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அதைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சிக் கழகமே அங்கு வந்தது. வளைகுடாவில் தமிழ் வெல்டருக்கு இருக்கிற பேருக்கு வேர் அங்கே இருக்கிறது. நான் தொழில் கற்றதும் துவாக்குடிப் பட்டறை ஒன்றில்தான்.

ஆக, அறுபது வருஷத்துக்கு முன்னால் வேலை தெரியாத ஆள் நம் அப்பச்சிமார்தான். அவர்களுக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார். நைஜீரியாக்காரனும் கயானாக்காரனும் கேட்பது அதே ஒன்றை.

ஜூன் 9, இரவு

புதுவயலிலிருந்து ஒருவர், "சதவீதம் சதவீதம் என்கிறீர்களே, அதை எப்படி அளக்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார். இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான். ஆத்தங்குடிக் கல்லை வைத்துச் சொல்கிறேன்.

ஆத்தங்குடியில் கல் போடுகிற கொட்டகையில் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகை ஒன்றைத் துடைத்து வைப்பார்கள். அதன்மேல் இரும்பு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வர்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார் அந்த மனிதர். சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் இன்னொன்றில். ஊற்றி முடித்து அச்சைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் வர்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நடுங்காது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அமுக்கி, மட்டம் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினால் முகம் பார்க்கிற பளபளப்பு.

இந்தக் கல்லில் உள்ளூர்ப் பங்கு எவ்வளவு? பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். சிமெண்டு வெளியிலிருந்து. கண்ணாடி வெளியிலிருந்து. வர்ணப்பொடி வெளியிலிருந்து. மணலும் கூலியும் மட்டும் இந்த ஊர். பில் கணக்குப்படி ஆத்தங்குடிக் கல் ஆத்தங்குடிக்காரன் செய்ததே இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்த மனிதரை எடுத்துவிட்டால் கல்லே கிடையாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு கடைக்காரர் காரைக்குடியில் கடையைப் பதிந்து, குஜராத்தில் செய்த கல்லை லாரியில் இறக்கி, தன் பில்லில் விற்கிறார். பில் கணக்குப்படி நூற்றுக்கு நூறு காரைக்குடிப் பணம்.

எண்ணெய் நாடுகளில் அளப்பதில் வருகிற சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பில்லுக்குள் அடங்கிவிடும். "உள்ளூர்க் கம்பெனியில் எவ்வளவு செலவழித்தாய்" என்று கேட்டால் இரண்டாவது ஆள் ஜெயிப்பார். "உள்ளூரில் எவ்வளவு வேலை நடந்தது, யார் கை செய்தது" என்று கேட்டால் முதல் ஆள். நைஜீரிய அட்டவணையில் எனக்குப் பிடித்தது, வேலைக்குத் தக்கபடி அளவுகோலை மாற்றியிருப்பது. பொறியியல் வேலையை ஆள்-மணியில் அளக்கிறது, உருட்டி இணைக்கிற வேலையை டன்னில். டன்னை ஏமாற்றுவது பில்லை ஏமாற்றுகிற அளவுக்குச் சுலபமில்லை.

ஜூன் 10

கானாவில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். 2013 விதிகளின்படி அங்கே பெட்ரோலிய உரிமம் பெறுகிற எவரும் குறைந்தது 5 சதவீதப் பங்கை ஒரு கானா நாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். சேவை செய்ய வருகிற வெளிநாட்டுக் கம்பெனி உள்ளூர்க் கம்பெனியோடு கூட்டுச் சேர வேண்டும். நல்ல எண்ணம். ஆனால் எங்கள் யார்டுக்கு வந்த வால்வுப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோது, மேல் ஒட்டியில் உள்ளூர்ப் பெயர், அதைச் சுரண்டினால் கீழே வேறொரு நாட்டின் ஒட்டி. அந்த உள்ளூர்க் கம்பெனிக்கு இரண்டே அறை. ஒரு மேசை, ஒரு பிரிண்டர். வால்வைக் கையில் பிடித்துப் பார்த்தவர் அங்கே யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அவர் பங்கு போய்விடும். டக்கோராடித் தெருவில் வேலை இல்லாமல் நின்ற பையன்களுக்கு ஒரு காசும் போகவில்லை.

இதற்கு அங்கே ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பினாமி என்றால் எல்லோருக்கும் புரியும்.

அதற்காகச் சட்டமே தப்பு என்று சொல்ல மாட்டேன். கானாவுக்கு நேரமே இல்லை. ஜூபிலி வயலில் எண்ணெய் தெரிந்தது 2007-ல். முதல் எண்ணெய் 2010 டிசம்பரில். விதிகள் வந்தது 2013-ல். மூன்றரை வருஷத்தில் ஒரு பையனை வெல்டராக்கிவிடலாம். நல்ல இன்ஸ்பெக்டராக்க முடியாது. கடலுக்கடிக் குழாய்ப் பொறியாளராக்க வாய்ப்பே இல்லை.

ஜூன் 10, பிறகு

மேலே எழுதியதில் ஒரு அவசரம் இருக்கிறது. அந்த இரண்டறைக் கம்பெனிகள் எல்லாமே அப்படியே நின்றுவிடவில்லை. முதலில் ஒட்டி மாற்றி விற்ற ஒன்று, நான் கிளம்புகிற சமயத்தில் வால்வைச் சோதித்துப் பழுது பார்க்கிற பட்டறை போட்டிருந்தது. எட்டுப் பேர் வேலை செய்தார்கள். இடைத்தரகில் சம்பாதித்ததை அதில் போட்டிருந்தார் அதை நடத்திய அம்மா. எந்தக் கம்பெனி எந்த வழியில் போகும் என்று முதல் நாளே சொல்ல முடிவதில்லை. அவரை நினைக்காமல் மேலே கோபத்தில் எழுதிவிட்டேன்.

ஜூன் 11, அதிகாலை

தூக்கம் வரவில்லை. என் அடுத்தாளைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

பயெல்சாக்காரப் பையன், இஜாவ் இனத்தவன், இருபத்தாறு வயது. அங்கே மேலாளை "ஓகா" என்பார்கள். என்னையும் ஓகா என்றுதான் கூப்பிடுவான். காகிதத்தில் அவன் என் அடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று மாதாமாதம் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என்ன சொல்லிக்கொடுத்தேன்? 7018 வெல்டிங் ராடை அடுப்பில் காயவைப்பது, வெளியே எடுத்து நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் திருப்பி அனுப்புவது. 6ஜி என்கிற வெல்டர் தேர்வில் 45 டிகிரி சாய்ந்து நிற்கிற குழாயில் வெல்டரின் மணிக்கட்டு எங்கே திணறும் என்று பார்ப்பது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. வெல்டுக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கிற எக்ஸ்ரே பிலிமைப் படிக்கிறதை மட்டும் நான் கையில் வைத்துக்கொண்டேன். படிப்பேன், முடிவைச் சொல்வேன், அவன் எழுதிக்கொள்வான். அதுவும் தெரிந்துவிட்டால் என் நாற்காலி நாலு வருஷம்கூடத் தாங்காது என்ற பயம். வீட்டில் கடன் இருந்தது. கானாடுகாத்தானில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது.

ஒருநாள் காய்ச்சல். கிளினிக்கில் படுத்திருந்தேன். அன்றைக்கு ஒரு பன்னிரண்டு அங்குலக் குழாய் இணைப்பின் பிலிம் வந்தது. அவன் பார்த்தான். வெல்டின் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அடியில் சரியாக உருகிச் சேரவில்லை என்று நினைத்து நிராகரித்துவிட்டான். நாலு பேர் இராத்திரி முழுக்க உட்கார்ந்து அதை அறுத்து, தேய்த்து, மறுபடி போட்டார்கள். காலையில் நான் வந்து பழைய பிலிமை எடுத்தேன். விளக்குப் பெட்டியில் வைத்தால் கோடு தெரிந்தது. பெட்டியை அணைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிலிமைச் சாய்த்து, வெளிச்சம் மேலே வழுக்கிப் போகிற மாதிரி பிடித்தேன். பிலிமின் தோலில் பளிச்சென்று ஒரு கீறல். குழாயில் ஒரு குறையும் இல்லை. கழுவும்போதோ எடுக்கும்போதோ யாரோ நகத்தால் கீறியது.

அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. "ஓகா, இப்படிச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எப்போது சொன்னார்கள்?" என்று கேட்டான்.

துவாக்குடியில் முதல் நாள். என் மேஸ்திரி முதல் பிலிமைக் கையில் கொடுத்தபோதே சொன்னது. அதை அவனிடம் சொன்னேன்.

ஜூன் 11, இரவு

கண்டனூர் அண்ணன் "பிறகு என்ன ஆச்சு" என்கிறார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து பிலிம்களை அவன் முதலில் படிப்பான், நான் இரண்டாவது. எட்டு மாதத்தில் எங்கள் இரண்டு பேர் முடிவும் ஒத்துப்போக ஆரம்பித்தது. நாலாவது வருஷம் முடிந்தது, வெளிநாட்டவருக்கான கோட்டாவை எனக்குப் புதுப்பிக்கவில்லை, நாற்காலி அவனுக்குப் போனது. வருத்தம் இருந்தது. நான் அவனுக்குச் செய்ததற்கு அதைவிடப் பெரிய வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சட்டத்தில் நான்கு வருஷம் என்று எழுதிவிடலாம். சொல்லிக்கொடுக்கிறவனுடைய பயத்துக்கு என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. அடுத்தாள் தனியாக நின்று வேலையை முடித்துக்காட்டினால் கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு தொகை, இன்னொரு நாட்டில் இன்னொரு வேலைக்கு உத்தரவாதம் என்று யாராவது வைத்தால் என்னைப் போன்றவர்கள் முதல் மாதமே பிலிமைக் கையில் கொடுத்திருப்பார்கள்.

ஜூன் 12

எகினா கப்பலைப் பற்றிக் கேட்டவருக்கு: எண்ணெயைக் கடலிலேயே சுத்தம் பண்ணிச் சேர்த்துவைக்கிற மிதக்கும் உற்பத்திக் கப்பல் அது. உடல் கொரியாவில் கட்டினது. மேல்தளத்தின் 18 பாகங்களில் 6-ஐ நைஜீரியாவில் உருவாக்கி, லாகோஸ் துறைமுகத்து யார்டில் வைத்து இணைத்தார்கள். கப்பல் 2018 ஜனவரியில் லாகோஸ் வந்தது. அந்த டிசம்பர் கடைசியில் முதல் எண்ணெய். நாளுக்கு 2 லட்சம் பீப்பாய் எடுக்கிற திறன். "கம்பெனிக்காரன் கிளம்பிப் போயிட மாட்டானா" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஜூன் 12, இரவு

பதில் ஒருபக்கமாக இருக்கக் கூடாது என்பதால் பிரேசிலையும் சொல்கிறேன்.

2006-ல் உப்புப் படலத்துக்குக் கீழே பெரிய எண்ணெய் வயல்களைக் கண்டுபிடித்ததும் பிரேசில் வேகமாகப் போனது. ஏலத்தில் "உள்நாட்டில் இத்தனை சதவீதம் செய்வேன்" என்று அதிகமாகச் சொல்கிறவனுக்கு மதிப்பெண் அதிகம். எல்லோரும் வாய்க்கு வந்த சதவீதத்தைச் சொன்னார்கள். பிரேசில் அரசின் எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோப்ராஸுக்கு வாடகைக்கு விட 28 துளையிடும் ரிக்குகளை பிரேசில் யார்டுகளிலேயே கட்டுவது என்று செத்தே பிரேசில் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். சில யார்டுகளே அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தன. கப்பல் கட்டுவதற்கு முன்னால் கப்பல் கட்டுகிற இடத்தைக் கட்ட வேண்டிய நிலை. 2014-ல் பெட்ரோப்ராஸ் ஊழல் வழக்கு வெடித்தது, எண்ணெய் விலையும் விழுந்தது. 2016-ல் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டது. பல்லாயிரம் வெல்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017-ல் அரசே அளவைக் குறைத்தது. ஆழ்கடலில் மேடைக்கு 25 சதவீதம் என்று வைத்தார்கள்.

அதில் எனக்குத் தெரிகிற கோளாறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தது. செட்டிநாட்டில் நாம் வீடு கட்டியதை யோசித்துப் பாருங்கள். தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. ஆனால் நிலையைச் செதுக்கியது நம் ஆசாரி, சுவரை முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பில் இழைத்தது நம் கொத்தனார். எது நம் கைக்கு வரும் என்று தெரிந்து அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கை இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. பளிங்கையும் நாமே வெட்டுவோம் என்று கிளம்பியிருந்தால் முகப்பே எழும்பியிருக்காது.

ஜூன் 13

ஐயாவின் பர்மாவைப் பற்றி ஒருவர் சற்றுக் கடுமையாகக் கேட்டிருக்கிறார். "நம் ஆட்கள் அங்கே உள்ளூர்க்காரனை அடுத்தாளாக வைத்தார்களா?"

ஐயா சொல்லி நான் கேட்டவரை, இல்லை. அவர் இருந்த கடையில் பெட்டியடிப் பையனிலிருந்து சமையல்காரர் வரைக்கும் எல்லோரும் நம் பக்கம். நம்பிக்கை உறவுக்குள்ளேயே ஓடுகிற தொழில் அது. கீழ்ப் பர்மாவின் சதுப்புநிலம் நெல்வயலானதில் நம் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் எனக்குப் பெருமை. ஆனால் 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில். 1937 வாக்கில் அது 25 சதவீதம். அந்த நிலத்தை உழுதவன் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும். தன் ஊரில், தன் மண்ணில், கணக்குப் புத்தகம் எழுதுகிற மொழியே அவனுக்குத் தெரியாது.

எண்ணெயிலும் அதே பர்மாதான். யெனாங்யாவுங்கில் கையால் கிணறு வெட்டி எண்ணெய் இறைத்தது 24 பரம்பரைக் குடும்பங்கள். உரிமை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி 1880-களுக்குப் பிறகு இயந்திரத்தை இறக்கியதும் அவர்கள் ஒரு சிறு ஒதுக்கீட்டு நிலத்துக்குள் சுருங்கினார்கள். 1938-ல் அந்த எண்ணெய் வயல் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து ரங்கூனுக்கு நடந்தே போனார்கள்.

ஐயா 1942-ல் குண்டு விழுந்தபோது நடந்து வந்தவர். நிலத்தை 1948-க்குப் பிறகும், மிச்சத்தை 1960-களிலும் பர்மா அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் வளவில் அதைத் துரோகம் என்றே சொல்லி வளர்த்தார்கள். பயெல்சாவில் அந்தப் பையன் என் பக்கத்தில் நோட்டோடு நின்ற நாலு வருஷத்துக்குப் பிறகுதான், உழுதவன் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க எனக்கு வந்தது. இழந்த வலி எங்களுக்கு உண்மை. அவனுக்கும் உண்மை.

ஜூன் 13, இரவு

புதுக்கோட்டைப் பக்கத்து நெடுவாசலின் ஹைட்ரோகார்பன் எதிர்ப்பை இதோடு சேர்க்காதீர்கள். 2017-ல் அந்த மக்கள் கேட்டது "எங்களுக்கு வேலை கொடு" அல்ல, "எடுக்கவே வேண்டாம்" என்று. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. ஊர் வேண்டாம் என்கிற இடத்தில் வேலையைக் காட்டி ஒத்துக்கொள்ள வைக்க உள்ளூர் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தக் கூடாது. எடுப்பதா இல்லையா என்பது முடிந்த பிறகே யார் எடுப்பது என்ற பேச்சு.

ஜூன் 14

தம்பி, கயானாவைப் பற்றி உனக்கு நேராக.

2015-ல் கண்டுபிடித்தார்கள், 2019 டிசம்பரில் எண்ணெய் வந்தது. இப்போது, 2025 நடுவில், நாளுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல். மக்கள்தொகை ஏறக்குறைய 8 லட்சம். நம் சிவகங்கை மாவட்டத்தைவிடக் குறைவு. 2021 டிசம்பரில் உள்ளூர்ச் சட்டம் போட்டார்கள். 40 வகைச் சேவைகளில் கயானாக்காரருக்கு இவ்வளவு என்று பட்டியல். அலுவலக வாடகை, சாப்பாடு, சலவை, காப்பீடு என்று போகும். கரையில் செய்கிற குழாய் வெல்டிங்குக்கு 25 சதவீதம் வைத்திருக்கிறார்கள். கம்பெனி கயானாக் கம்பெனி என்று பதிய வேண்டுமானால் 51 சதவீதப் பங்கு அந்த நாட்டவரிடம், மேல் நிர்வாகத்தில் 75 சதவீதம், மற்ற வேலைகளில் 90 சதவீதம் அவர்கள் ஆட்கள் இருக்க வேண்டும். காசுக்குப் பெயரைக் கொடுக்கிறவனை அங்கே "வாடகைக் குடிமகன்" என்கிறார்கள். கானாவில் நான் பார்த்த அதே ஒட்டிக் கதை.

சட்டம் வெல்டிங்கை 25-இல் நிறுத்தியிருப்பதைக் கவனி. தன் நாட்டில் இன்றைக்கு எத்தனை கை இருக்கிறது என்று பார்த்துப் போட்ட அளவு அது. மிச்சத்துக்கு வெளியாள் தேவைப்படும், அதனால் உனக்கு வழி அடைத்துவிடவில்லை. ஆனால் நீ போவது சொல்லிக்கொடுத்துவிட்டு வர.

இன்னொன்றும் தெரிந்துகொள். 1845-லிருந்து சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் சனம் அங்கே உண்டு, மதராசி என்பார்கள். மாரியம்மனுக்கு இன்றும் பூசை போடுகிறார்கள். முதல் எண்ணெய் வந்த நாளில் அந்நாட்டுப் பிரதமர் பெயர் நாகமுத்து. உன் அடுத்தாளாக நீ பயிற்சி கொடுக்கப் போகிற பையன் பெயரும் முத்துவாகவோ வீராசாமியாகவோ இருக்கக் கூடும்.

ஜூன் 14, சற்று நேரம் கழித்து

ஏஜென்டிடம் கேட்க வேண்டியது: வேலை அனுமதி எந்தப் பதவியின் பெயரில், எந்தக் கம்பெனியின் பெயரில், எத்தனை மாதத்துக்கு. நைஜீரியா என்றால் வெளிநாட்டவர் கோட்டாவில் அந்தப் பதவி இருக்கிறது என்ற காகிதத்தின் நகல். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடு. பணம் கட்டாதே.

ஜூன் 15

காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நடப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட ஆய்வகம். அரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கடல்காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்று பார்க்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் குழாய்க்கு முதல் எதிரி துருதான். பாம்பே ஹை எண்ணெய் வயல் தெரிந்தது 1974-ல். அதற்கு 21 வருஷம் முன்னால் காரைக்குடிப் பொட்டலில் இந்த இடம் திறந்துவிட்டது. கானாவுக்கு மூன்றரை வருஷம்தான் கிடைத்தது என்று எழுதினேனே, இந்த 21-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 17

தம்பி தனியாக எழுதியிருந்தான். ஏஜென்டால் கோட்டாக் காகிதம் காட்ட முடியவில்லையாம். கட்டிய முன்பணம் திரும்ப வந்துவிட்டது, நல்லவேளை.

கோர்ஸில் எத்தனை பிலிம் படித்தாய் என்று கேட்டேன். படம்தான் காட்டினார்களாம். உண்மையான பிலிமைக் கையில் பிடித்ததே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வா. துவாக்குடி மேஸ்திரி பயிற்சிக்காகக் கொடுத்த பழைய பிலிம்கள் பதினாலு என்னிடம் இருக்கின்றன. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், வெள்ளைப் பருத்திக் கையுறை நான் வைத்திருக்கிறேன். விளக்குப் பெட்டி இல்லை, அதற்கு ஏற்பாடு செய்கிறேன். முகப்பில் கிழக்கு வெயில் ஒன்பது மணி வரைக்கும் சாய்வாக விழும். கீறல் பார்க்க அந்த வெளிச்சம் போதும். நேரத்தோடு வந்துவிடு.